120 பிலிமை வீட்டிலேயே கழுவலாம்: நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ற வழிமுறை

கோல சிலாங்கூர் – தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பழைய தகரப் பெட்டிகளைத் திறந்தால், பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை ஆகியவற்றோடு ஒரு பழுப்பு உறையும் இருப்பதுண்டு. அதற்குள் உள்ளங்கையில் அடங்கும் சதுர நெகட்டிவ்கள் கிடக்கும். சில வீடுகளில், கழுவப்படாமலே போன பிலிம் சுருள் ஒன்றும் கிடைக்கும். இவற்றில் பெரும்பாலானவை 120 என்று அழைக்கப்படும் நடுத்தர அளவு பிலிமில் எடுக்கப்பட்டவை.

இந்தப் பிலிம் இன்றும் புதிதாக விற்கப்படுகிறது. கறுப்பு வெள்ளைச் சுருளைக் கழுவ இருட்டறையோ ஸ்டூடியோவோ தேவையில்லை. குளியலறையும், ஒளி புகாத ஒரு டேங்க்கும், மூன்று திரவங்களும் போதும். ஆனால், பிலிம் நிறுவனங்கள் தரும் அளவுகள் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைக் கணக்கில் கொண்டவை. பெஸ்தாரி ஜெயாவிலோ தஞ்சோங் காராங்கிலோ குழாயைத் திறந்தால் 27, 28 டிகிரியில்தான் தண்ணீர் வரும். அந்த அளவுகளை அப்படியே பின்பற்றினால் படம் கெட்டுவிடும். இந்த வேறுபாட்டைச் சரிசெய்யத் தெரிந்தால் மற்றவை எளிது.

120 பிலிம் என்றால் என்ன?

கோடாக் நிறுவனம் 1901இல் தன் பிரவுனி கேமராவுக்காக 120 பிலிமை அறிமுகப்படுத்தியது. அகலம் ஏறக்குறைய 6 செ.மீ., நீளம் சுமார் 80 செ.மீ. இதற்கு டப்பா கிடையாது. பிலிமோடு சேர்த்துச் சுற்றப்பட்ட காகிதம்தான் வெளிச்சத்தைத் தடுக்கிறது. கேமராவின் பின்புறச் சிவப்பு ஜன்னலில் தெரியும் எண்கள் அந்தக் காகிதத்தில் அச்சடிக்கப்பட்டவை.

ஒரு சுருளில் எத்தனை படம் என்பது கேமராவைப் பொறுத்தது. 6×9 அளவென்றால் 8 படம், 6×7 என்றால் 10, 6×6 சதுரம் என்றால் 12, 6×4.5 என்றால் 15 அல்லது 16. மேலிருந்து குனிந்து பார்த்துப் படமெடுக்கும் ரோலிபிளெக்ஸ், யாஷிகா மேட் போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்கள் 12 சதுரப் படங்கள் எடுப்பவை. 620 என்று குறிக்கப்பட்ட பழைய சுருளும் இதே பிலிம்தான். அதன் உருளை மட்டும் மெல்லியது.

பின்னாளில் வீடுகளுக்குள் வந்த 35 மி.மீ. பிலிமின் ஒரு படத்தைவிட, 6×6 நெகட்டிவின் பரப்பு மூன்றரை மடங்கு பெரியது. அதனால், நெகட்டிவைக் காகிதத்தின் மேல் நேரடியாக வைத்து அச்செடுத்தாலே முகம் தெரியும். பழைய ஆல்பங்களில் வெள்ளை விளிம்போடு இருக்கும் சின்னச் சதுரப் படங்களில் பல, பெரிதாக்கப்படாத இத்தகைய அச்சுகள்தாம். கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்றவரின் முகத்தையும் நெகட்டிவிலிருந்து இன்று பெரிதாக்கிப் பார்க்க முடியும்.

தோட்டத்தில் இதற்கு ஏன் மதிப்பு?

1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட்டது. அதற்குப் புகைப்படமும் கைரேகையும் வேண்டும். அதுவரை கேமராவைப் பார்த்திராத தோட்டத் தொழிலாளர்களும் படத்துக்கு நிற்க வேண்டி வந்தது. அதன் பிறகு திருமணம், தீமிதி, பள்ளி விளையாட்டுப் போட்டி என ஸ்டூடியோக்காரரின் கேமரா லயங்களுக்குள் வந்துகொண்டே இருந்தது.

அந்த லயங்களில் பல இன்றில்லை. ரப்பர் செம்பனையானது, செம்பனை வீடமைப்புப் பகுதியானது. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயாவாக மாறியது. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் போராடியதை இந்த வட்டாரம் அறியும். பெயர்ப்பலகையும் லயமும் போன பிறகு, கோயில் எங்கே இருந்தது, எந்த லயத்தில் யார் குடியிருந்தார்கள் என்பதைக் காட்ட மிஞ்சியிருப்பது இந்த நெகட்டிவ்கள்தாம். கழுவப்படாத சுருள் வைத்திருப்பவர்கள், புதிய சுருள்களில் பழகிக்கொண்ட பின்னரே அதைத் தொட வேண்டும்.

தேவையான பொருள்கள்

ஒளி புகாத டேங்க், அதற்குள் போகும் ரீல், பிலிமை ஏற்றுவதற்கான கறுப்புப் பை, வெப்பமானி, அளவுக் குவளை, கைப்பேசிக் கடிகாரம், இரண்டு துணி கிளிப், அகலமான பேசின், கொஞ்சம் ஐஸ், ரப்பர் கையுறை.

பேட்டர்சன் போன்ற பிளாஸ்டிக் டேங்க்கில் ஒரு 120 சுருளுக்கு 500 மி.லி. திரவம் வேண்டும். ரீலை 120க்கு ஏற்ற அகலத்துக்கு விரித்துப் பூட்டிக்கொள்ளலாம். டேங்க்கின் நடுவே நிற்கும் கறுப்புக் குழாயை மறக்கக் கூடாது. அது இல்லாமல் மூடினால், மூடி சரியாக இருந்தாலும் வெளிச்சம் உள்ளே போகும்.

திரவங்கள் மூன்று. டெவலப்பர், படத்தைத் தோன்றச் செய்வது. இல்போர்ட் ஐடி-11, கோடாக் டி-76 இரண்டும் ஏறக்குறைய ஒரே கலவை. ஸ்டாப் பாத், டெவலப்பரின் வேலையை நிறுத்துவது. ஃபிக்சர், வெளிச்சம் படாத வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைநிறுத்துவது. பழைய ஸ்டூடியோக்காரர்கள் இதை ஹைப்போ என்பார்கள்.

ஐடி-11 தூளாக வருகிறது. பொட்டலத்தில் உள்ள முறைப்படி வெந்நீரில் கரைத்து, முழுவதும் ஆறிய பிறகு பழுப்புப் போத்தலில் விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். காற்றுப் பட்டால் கெடும். பாதிப் போத்தலாக வைத்தால் ஒரு மாதத்துக்கு மேல் நம்ப முடியாது. சமையல் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. போத்தலில் பெயரும் தேதியும் எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

பிலிமை ரீலில் ஏற்றுதல்

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். வீணாகிப்போன ஒரு சுருளை வைத்து, முதலில் வெளிச்சத்திலும் பிறகு கண்ணை மூடிக்கொண்டும் சில முறை பழக வேண்டும்.

பிலிம், ரீல், டேங்க், நடுக்குழாய், மூடி அனைத்தையும் கறுப்புப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிய பிறகே சுருளைப் பிரிக்க வேண்டும். முதலில் காகிதம் மட்டும் வரும். சற்றுத் தூரம் போனதும் பிலிமின் முனை கையில் தட்டுப்படும். காகிதத்தைத் தனியாக விட்டு, பிலிமைத் தானாகச் சுருள விட வேண்டும். கடைசியில் பிலிம் ஒரு டேப்பால் காகிதத்தோடு ஒட்டப்பட்டிருக்கும். அதை மெதுவாக உரிக்க வேண்டும். உரித்த டேப்பைப் பிலிமின் முனையிலேயே மடித்து ஒட்டிவிட்டால், அந்த முனை விறைப்பாகி ரீலுக்குள் எளிதில் நுழையும். பிறகு ரீலின் இரு பக்கங்களையும் மாறி மாறித் திருப்பினால் பிலிம் உள்ளே போய்விடும்.

நம் ஊரில் இங்கே தடையாக வருவது வியர்வை. கறுப்புப் பைக்குள் கை வைத்த ஐந்தாவது நிமிடமே உள்ளே புழுக்கம் கூடும். ஈரம் பட்ட பிலிம் பிளாஸ்டிக் ரீலில் ஒட்டிக்கொண்டு நகராது. இதற்கு மூன்று வழிகள் உண்டு. ரீலை முந்தைய நாளே கழுவி முழுவதும் உலர வைப்பது முதலாவது. கையைக் கழுவித் துடைத்து, விடியற்காலையிலோ குளிர்சாதன அறையிலோ வேலை செய்வது இரண்டாவது. அப்படியும் சிக்கிக்கொண்டால் இழுக்காமல், பிலிமை டேங்க்குக்குள் போட்டு நடுக்குழாயோடு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்து உலர்த்திக்கொண்டு மீண்டும் தொடங்குவது மூன்றாவது. பலத்தோடு தள்ளினால் பிலிம் மடங்கி, படத்தில் பிறை வடிவக் கறை விழும்.

வெப்பத்தைக் கையாளுதல்

டெவலப்பரின் வெப்பம் கூடக் கூட அதன் வேகம் கூடும். இல்போர்ட் தரும் கணக்குப்படி, 20 டிகிரியில் 4 நிமிடம் தேவைப்படும் பிலிமுக்கு 23 டிகிரியில் 3 நிமிடமே போதும். 28 டிகிரிக் குழாய்த் தண்ணீரிலேயே கலந்தால் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். நேரம் 5 நிமிடத்துக்கும் கீழே இறங்கினால், ஊற்றி எடுப்பதில் ஏற்படும் சில வினாடி வேறுபாடே படத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும்.

20 டிகிரிக்குக் குளிர வைக்கப் போராடுவதும் தேவையில்லை. அறை 30 டிகிரியில் இருக்கும்போது 20 டிகிரித் திரவம் வேகமாகச் சூடேறும். இரண்டுக்கும் நடுவே 24 டிகிரியில் வேலை செய்வது எளிது.

அதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஐடி-11ஐச் சம அளவு தண்ணீரோடு கலந்து பயன்படுத்தலாம். போத்தலில் உள்ள டெவலப்பர் 28 டிகிரி என்றால், 250 மி.லி. எடுத்து, குளிர்பெட்டித் தண்ணீரைச் சேர்த்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்த 250 மி.லி. தண்ணீரோடு கலந்தால், 24 டிகிரியில் 500 மி.லி. கிடைக்கும். இந்தக் கலவையை ஒரு முறை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

சம அளவு நீர் கலந்த ஐடி-11இல் கழுவும் நேரம்:

- எச்பி5 பிளஸ்: 20 டிகிரியில் 13 நிமிடம், 24 டிகிரியில் சுமார் 9 நிமிடம்.
- எப்பி4 பிளஸ்: 20 டிகிரியில் 11 நிமிடம், 24 டிகிரியில் சுமார் ஏழரை நிமிடம்.

மற்றத் திரவங்களையும் அலசும் தண்ணீரையும் இதே வெப்பத்துக்கு அருகில் வைக்க வேண்டும். பேசினில் தண்ணீர் நிரப்பி, ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டு, எல்லாப் போத்தல்களையும் அதில் நிறுத்தினால் போதும். 24 டிகிரியிலிருந்து திடீரென்று சூடான தண்ணீருக்குப் போனால், பிலிமின் மேற்பூச்சு வெயிலில் காய்ந்த வயல்போல வெடிப்பு விடக்கூடும். அதைப் பிறகு சரிசெய்ய முடியாது.

கழுவும் முறை, படிப்படியாக

1. டெவலப்பரை ஊற்றி, மூடியைப் போட்டு, கடிகாரத்தைத் தொடங்க வேண்டும். முதல் 10 வினாடியில் நான்கு முறை டேங்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். உடனே தரையில் ஒரு தட்டுத் தட்டினால் காற்றுக் குமிழ்கள் போய்விடும்.

2. அதன் பிறகு ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் இதேபோல நான்கு முறை. இடைவேளையில் டேங்க்கைக் கையில் வைத்திருக்காமல் 24 டிகிரிப் பேசினில் நிறுத்த வேண்டும். கையின் சூடே வெப்பத்தை ஏற்றிவிடும்.

3. நேரம் முடிய 10 வினாடி இருக்கும்போது டெவலப்பரை வடிக்கத் தொடங்க வேண்டும்.

4. ஸ்டாப் பாத் ஊற்றி, அரை நிமிடம் அசைத்து வடிக்கலாம். அது இல்லாதவர்கள் சுத்தமான தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசலாம்.

5. ஃபிக்சர். ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்த ரேப்பிட் ஃபிக்சர் என்றால் 3 முதல் 5 நிமிடம். ஃபிக்சர் பழையதா என்று பார்க்க, வீணான பிலிம் துண்டு ஒன்றை அதில் போட்டு, அது கண்ணாடிபோலத் தெளிய ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதைப்போல இரண்டு மடங்கு நேரம் ஃபிக்சரில் விட வேண்டும். இதன் பிறகு மூடியைத் திறந்து பார்க்கலாம்.

6. அலசுதல். டேங்க்கை நிரப்பி 5 முறை கவிழ்த்து வடிக்க வேண்டும். மீண்டும் நிரப்பி 10 முறை. மூன்றாவதாக 20 முறை. தண்ணீரை மிச்சப்படுத்தும் முறை இது. நீர் விநியோகத் தடை வரும் நாள்களிலும் ஒரு சிறு வாளித் தண்ணீர் போதும்.

7. கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். பழைய இரும்புக் குழாய் வழியாக வரும் துருவும் மண்ணும் பிலிமில் புள்ளிகளாகக் காய்ந்துவிடும். ஆர்.ஓ. இயந்திரத் தண்ணீரில், நீர்த்துளி தங்காமல் இருக்கச் செய்யும் பிலிம் திரவத்தைச் சில சொட்டுகள் விட்டு, ஒரு நிமிடம் ஊற வைத்து எடுக்கலாம்.

8. உலர்த்துதல். யாராவது குளித்து முடித்த ஈரமான குளியலறைதான் தூசி குறைந்த இடம். மேலே ஒரு கிளிப், கீழே கனத்துக்கு ஒரு கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திவிட வேண்டும். மின்விசிறி வேண்டாம். காற்றில் ஈரம் அதிகமென்பதால் மூன்று, நான்கு மணி நேரம்கூட ஆகலாம். காய்ந்த பிறகே வெட்ட வேண்டும்.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க

பிலிம் முழுவதும் கண்ணாடிபோல வெறுமையாக, விளிம்பில் எண்கள்கூட இல்லாமல் இருந்தால், டெவலப்பர் செத்துவிட்டது அல்லது ஃபிக்சர் முதலில் ஊற்றப்பட்டுவிட்டது. விளிம்பில் எண்கள் தெரிந்து, படம் மட்டும் இல்லை என்றால் பிழை கேமராவில். பால்போல மங்கியிருந்தால் ஃபிக்சர் போதவில்லை. மறுபடியும் ஃபிக்சரில் போட்டால் தெளியும். இலேசான ஊதா நிறம் மிஞ்சியிருந்தால் இன்னும் அலச வேண்டும். கழுவிய பிலிமில் விரல்பட்ட இடம் வழுக்கி உரிந்தால், தண்ணீர் மிகச் சூடாக இருந்திருக்கிறது.

வீட்டில் கிடைத்த பழைய சுருள்

படமெடுத்து முடித்த சுருளின் வெளிக்காகிதத்தில் ‘எக்ஸ்போஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல் தெரியும். அதை எந்தக் காரணத்துக்காகவும் வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கக் கூடாது.

அடுத்து, சுருளில் எழுதியிருக்கும் பெயரைப் படிக்க வேண்டும். கோடாக் வெரிக்குரோம் பேன் போன்ற கறுப்பு வெள்ளைச் சுருள் என்றால், பல பத்தாண்டுக்குப் பிறகும் படம் கிடைக்க வாய்ப்பு உண்டு. வண்ணச் சுருளில் ‘சி-22’ என்றிருந்தால், அந்த முறை 1970களிலேயே வழக்கொழிந்துவிட்டது. அதிலிருந்து வண்ணம் கிடைக்காது. கறுப்பு வெள்ளையாகக் கழுவிப் பார்க்கலாம். ‘சி-41’ என்றிருந்தால், இன்றைய வண்ண முறை அதுவே. வண்ணப் பிலிம் கழுவும் கடையிடம் அதன் வயதைச் சொல்லிக் கொடுப்பது நல்லது.

பிலிமில் பதிந்த படம், கழுவும்வரை கண்ணுக்குத் தெரியாத நிலையில் காத்திருக்கிறது. வெப்பமும் ஈரமும் அதை மெல்ல அழிக்கும்; பிலிம் முழுவதும் புகைமூட்டம்போலக் கறுப்பை ஏற்றும். தகரக் கூரைக்கு அடியில் பல ஆண்டு இருந்த சுருளில் 12 படமும் தெளிவாக வரும் என்று எதிர்பார்க்க முடியாது. காகிதத்தில் இருந்த எண்களே படத்தின் மேல் பதிந்திருப்பதும் உண்டு. ஆனாலும், மங்கலான முகத்தையும் ஸ்கேன் செய்து தெளிவாக்க இன்று வழி இருக்கிறது. பழைய பிலிம் கெட்டியாகச் சுருண்டிருக்கும் என்பதால், ரீலில் ஏற்ற அதிகப் பொறுமை வேண்டும். ஒரே ஒரு சுருள்தான் இருக்கிறது, கையும் பழகவில்லை என்றால், அனுபவம் உள்ளவரிடம் கொடுப்பதே சரி.

கழுவிய நெகட்டிவைக் காப்பாற்ற

நெகட்டிவின் எதிரிகள் பூஞ்சையும் புளிப்பும். பழைய அசிட்டேட் பிலிம் சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை வீசும். பிலிம் சுருங்கி நெளியும். அத்தகையதை உடனே ஸ்கேன் செய்துவிட்டு, மற்ற நெகட்டிவ்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். அதன் ஆவி மற்றவற்றையும் கெடுக்கும்.

1950க்கு முந்திய சில பிலிம்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகை. விளிம்பில் ‘சேஃப்டி’ என்ற ஆங்கிலச் சொல் இருந்தால் அச்சமில்லை. இல்லையென்றால், சூடான இடத்திலும் நெருப்புக்கு அருகிலும் வைக்கக் கூடாது.

நெகட்டிவ்களைப் பாலிபுரோப்பிலீன் உறைகளில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாம். பி.வி.சி. உறை ஒட்டிக்கொள்ளும், தவிர்க்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் காய வைத்து மீண்டும் போடலாம். டப்பாவுக்குள் ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காடு இருப்பது நல்லது. ஸ்கேனர் இல்லாதவர்கள், வெள்ளைத் திரை காட்டும் டேப்லெட்டின் மேல், சில செ.மீ. இடைவெளி விட்டு நெகட்டிவை நிறுத்திக் கைப்பேசியில் படமெடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கிப் பார்க்கலாம்.

மிஞ்சிய திரவத்தை எங்கே கொட்டுவது?

பயன்படுத்திய ஃபிக்சரில் வெள்ளி கரைந்திருக்கும். அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. வீட்டுக்கு முன்னால் போகும் கால்வாய் எங்கே சேர்கிறது என்பதை இந்த வட்டாரத்தில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கம்போங் குவாந்தானின் மின்மினிகள் வாழும் சிலாங்கூர் ஆறுதான் கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதியைத் தருகிறது. புகைப்படத் திரவக் கழிவுகள், சுற்றுச்சூழல் சட்டத்தின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் இடம்பெற்றுள்ளன. ஃபிக்சரைக் கொட்டாமல் பழைய போத்தலில் சேர்த்துவைத்து, பிலிம் கழுவும் கடைகளில் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்கலாம். ஒரே ஃபிக்சரில் பல சுருள்களைக் கழுவலாம் என்பதால் ஆண்டுக்குச் சில போத்தல்களே சேரும்.

பெயரை எழுதிவையுங்கள்

நெகட்டிவ் கிடைத்தாலும், அதில் இருப்பவர் யார் என்று தெரியாவிட்டால் பயன் பாதிதான். எந்தத் தோட்டம், எந்த லயம், என்ன விழா, ஏறக்குறைய எந்த ஆண்டு, இடமிருந்து வலம் யார் யார் என்று உறையின் மேல் எழுதி வைக்க வேண்டும். உறையில் நெகட்டிவைப் போடுவதற்கு முன்பே எழுதிவிட்டால் பிலிமில் தடம் விழாது. பால்மரம் சீவிய தலைமுறையில் எஞ்சியிருப்பவர்கள் எழுபது, எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். பெரிதாக்கிய படத்தைக் கைப்பேசியில் காட்டினால், மற்றவர்களுக்குத் தெரியாத பெயர்களையும் அவர்கள் சொல்வார்கள். தோட்டத்தின் பொதுவாழ்வைக் காட்டும் படங்கள் என்றால், தனியாரின் ஆவணங்களையும் பாதுகாக்கும் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தை அணுகலாம்.